ஒரு பந்துக்கு 40 விநாடி

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடாமல் நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறாய். இந்த விஷயம் உன்னை எவ்வளவு அரித்துக்கொண்டிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் நானும் போனை எடுக்காமல் எழுதுகிறேன். போன் என்றால் பாதியில் உங்கப்பா வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுவார். இது நமக்குள் நிதானமாகப் பேச வேண்டிய பேச்சு.

காலை ஆறரைக்கு கோல்ஃப் ரேஞ்சில் இறங்கினால் பத்தரை வரை நிற்கிறாய். முதல் முக்கால் மணி நேரம் ஒவ்வொரு பந்தும் மனசோடு போகிறது. அப்புறம் கை மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது. நினைப்பு கெமிஸ்ட்ரி ரெக்கார்டிலும், பேசாமல் போன தோழியிடமும் இருக்கிறது. நினைவு வந்து திரும்பிப் பார்த்தால் கூடை காலி. "கவனம் என்கிற குணமே எனக்கு இல்லையோ அத்தை" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை என்னால் தாங்க முடியவில்லை. பதினாறு வயதில் தன்னைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பை எழுதிக்கொள்ளாதே.

உன் மனசில் ஒரு கோளாறும் இல்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே செவன் அயர்னால், ஒரே பக்கம் நாலு மணி நேரம் அடித்தால் யார் மனசும் கிளம்பிவிடும். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதியிருக்கிறாய் அல்லவா? ஒரு வாக்கியத்தை நூறு தடவை எழுதச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்யும்? முதல் சொல்லை மட்டும் மேலிருந்து கீழ்வரை வரிசையாக எழுதும், பிறகு இரண்டாவது சொல். கை வேலையை முடித்துவிடும், வாக்கியம் மண்டையில் ஏறவே ஏறாது. ரேஞ்சில் நீ செய்துகொண்டிருப்பது அதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடு. ஒரு ஸ்ட்ரோக்கை 40 விநாடிக்குள் அடித்து முடிப்பது நல்லது என்று 2019-ல் திருத்திய கோல்ஃப் விதிகள் பரிந்துரைக்கின்றன. பட்டிங்கையும் சேர்த்து நீ ஒரு ரவுண்டில் 75 அடிக்கிறாய் என்று வைத்துக்கொள். எழுபத்தைந்தை நாற்பதால் பெருக்கினால் 3000 விநாடி. ஐம்பதே நிமிடம். ரவுண்டு முடிய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மிச்சமெல்லாம் நடை, காத்திருப்பு, தண்ணீர் குடிப்பது, கூட ஆடுகிறவர் பந்தைப் புதரில் தேடுவது. நாலு மணி நேரம் இடைவிடாமல் கவனமாக இருக்கச் சொல்லி இந்த ஆட்டம் யாரையும் கேட்கவில்லை. எழுபத்தைந்து தடவை வந்து போகச் சொல்கிறது. மனசு போவதைத் தடுக்கவே நீ இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறாய். பழக வேண்டியது, கூப்பிட்ட உடனே அது திரும்பி வருவதற்கு.

ரேஞ்சில் அந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. காரணம், காலடியில் இருக்கிற கூடை. சனி, ஞாயிறுகளில் இங்கே என்னிடம் வருகிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்துபோன ஓர் அடையாளம் உண்டு. அடித்த பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே கிளப் முனையால் அடுத்த பந்தை இழுத்து வைக்கிறதா, அந்தக் குழந்தையின் மனசு அங்கே இல்லை. அதனால் நாளைக்கே கூடையை எடுத்துப் பத்தடி பின்னால் உன் பைக்குப் பக்கத்தில் வைத்துவிடு. ஒவ்வொரு பந்துக்கும் நடந்து போ, ஒன்றே ஒன்று எடுத்து வா. ஒரு மணி நேரத்தில் நூறு அடிக்கிறவள் நாற்பதுதான் அடிப்பாய். பரவாயில்லை.

அந்தப் பத்தடி நடைக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பியா நில்சன், அமெரிக்காவின் லின் மேரியட் என்ற இரண்டு பயிற்சியாளர்கள் பந்துக்குப் பின்னால் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கோட்டுக்குப் பின்னால் நிற்கும்வரை யோசனை: எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், எந்தக் கிளப், பந்து எங்கே விழ வேண்டும். கோட்டைத் தாண்டி விட்டால் யோசிக்கும் வேலை முடிந்தது. பார், அடி, அவ்வளவுதான். தாண்டிய பிறகு சந்தேகம் வந்தால் திரும்பப் பின்னால் வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அனிகா சோரன்ஸ்டாம் பியாவிடம் பயின்றவர். 2001 மார்ச்சில் ஃபீனிக்ஸில் ஒரு சுற்றை 59-ல் முடித்தார். எல்பிஜிஏ போட்டிகளில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் 60-க்குக் கீழே போனதில்லை. உனக்குக் கற்பனைக் கோடுகூட வேண்டாம். அலைன்மென்ட் ஸ்டிக் ஒன்றைப் பந்துக்குப் பின்னால் குறுக்கே போட்டுவிடு. கையுறையின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டு, அந்தச் சத்தம் கேட்டதும் தாண்டு. கொஞ்ச நாளில் சத்தம் கேட்டாலே மனசு வந்து நிற்கும்.

கோட்டுக்குப் பின்னால் நிற்கும்போது ஜாக் நிக்லாஸ் சொன்னதைச் செய்து பார். பயிற்சியில்கூட, மனசுக்குள் தெளிவான ஒரு படம் இல்லாமல் தான் ஒரு பந்தையும் அடித்ததில்லை என்று 1974-ல் வந்த அவருடைய புத்தகத்தில் எழுதியிருக்கிறார். முதலில் பந்து போய் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்ப்பாராம்; பிறகு அது பறந்து போகிற வழி; கடைசியில்தான் அதற்கேற்ற ஸ்விங். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வருகிற அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "வலது பக்கம் போகக்கூடாது" என்று நினைத்துக்கொண்டு அடிக்கிறவளுக்கு மனசில் இருக்கிற ஒரே படம் வலது பக்கம்தான்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நீ நம்ப வேண்டும் என்று நான் அதிகமாக ஆசைப்படுகிறேன். செய்து பார்க்கும்போது அது பொய் போலத்தான் தோன்றும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1979-ல் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சின்னச் சின்ன மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் கையால் வேகமாகத் தட்டிச் சாய்க்க வேண்டும். மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனது, பிறகு மூன்றாவதுக்கு. இன்னொரு குழுவுக்கு மூன்றையும் கலந்து கொடுத்தார்கள். அடுத்து எது வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. பயிற்சி நடக்கும்போது முதல் குழுதான் வேகம். கலந்து செய்தவர்கள் தடுமாறினார்கள். ஆனால் பத்து நிமிடம் கழித்தும், பத்து நாள் கழித்தும் சோதித்தபோது கலந்து பழகியவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். அதற்குப் பிறகு பாட்மின்டன் சர்வீஸ் உட்படப் பல விஷயங்களில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி? ஒரே அடியைத் திரும்ப அடிக்கும்போது, போன பந்துக்குப் போட்ட திட்டம் இன்னும் சூடு ஆறாமல் மண்டையில் இருக்கிறது. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அதனால் மூளைக்கு வேலை குறைகிறது, கவனம் நழுவுகிறது. டிரைவருக்குப் பிறகு வெட்ஜ், வெட்ஜுக்குப் பிறகு ஃபைவ் அயர்ன் என்று மாற்றினால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அந்தச் சிரமம்தான் படிப்பு. கோர்ஸில் எந்த ஹோலிலாவது உனக்கு ஒரே செவன் அயர்னை முப்பது தடவை அடிக்கக் கொடுக்கிறார்களா? ஒரு வாய்ப்புதான், அதுவும் கடைசியாக அந்தக் கிளப்பைத் தொட்டு அரை மணி நேரம் ஆன பிறகு.

ஆகவே ரேஞ்சிலேயே உன் கோர்ஸை ஆடு. முதல் ஹோலின் டீயில் நிற்பதாக நினைத்துக்கொள். தூரத்தில் தெரிகிற இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் ஃபேர்வே. டிரைவரை அடி. எங்கே போனது என்று ஒளிவுமறைவில்லாமல் பார். அங்கிருந்து கிரீனுக்கு மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டு அதற்கான கிளப்பை எடு. அந்தப் பந்து கிரீனுக்கு வலது பக்கம் போய்விட்டதா, வெட்ஜை எடுத்து ஒரு சிப் அடி. அதற்குப் பிறகு இரண்டாவது ஹோல். பதினெட்டு ஹோலுக்கு நாற்பது, ஐம்பது பந்து போதும், ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். மனசைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டிய அவசியமே இருக்காது, ஒவ்வொரு பந்தும் உன்னிடம் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு வாரம் மோசமாகத்தான் அடிப்பாய். பக்கத்து இடத்தில் ஒருவர் வரிசையாக ஒரே அயர்னை அழகாக அடித்துக்கொண்டிருப்பார். உனக்குப் பழையபடி திரும்பிவிடலாமா என்று தோன்றும். திரும்பாதே, கண்ணு. அவர் ரேஞ்சுக்காகப் பழகுகிறார், நீ கோர்ஸுக்காகப் பழகுகிறாய்.

ஒரே கிளப்பைத் தொடர்ந்து அடிப்பது கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோச் உன் கிரிப்பை மாற்றியிருந்தால், அது கையில் படிய இருபது, முப்பது பந்து ஒரே மாதிரி அடிக்கத்தான் வேண்டும். அதை மனசு புத்தம் புதிதாக இருக்கும் காலை நேரத்தில், முதலிலேயே முடித்துவிடு. முடிந்தால் ரேஞ்சின் செயற்கைப் புல் மேட்டை விட்டு நிஜப் புல்லுக்குப் போய் அடி. பந்தைத் தொடுவதற்கு முன்பே கிளப் தரையில் பட்டாலும் மேட் அதை வழுக்கிக் கொண்டுபோய்ப் பந்தைக் கிளப்பிவிடும். தப்பு உனக்குத் தெரியவே தெரியாது. புல்லில் டிவட், அதாவது கிளப் பெயர்த்த தடம், எங்கே ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே போதும். ஒவ்வொரு பந்துக்கும் அப்படிக் குனிந்து பார்ப்பதே உன்னை அங்கே கட்டிவைக்கும்.

அடிக்கிற அந்த ஒரு நொடியில் எதை நினைப்பது என்று கேட்டிருந்தாய். உடம்பை நினைக்காதே. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1999-ல், கோல்ஃப் பழக்கமே இல்லாதவர்களுக்கு பிட்ச் ஷாட் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேரிடம் கைகள் அசைவதைக் கவனிக்கச் சொன்னார்கள். மீதிப் பேரிடம் கிளப் அசைவதைக் கவனிக்கச் சொன்னார்கள். கிளப்பைக் கவனித்தவர்களே குறியோடு அடித்தார்கள், மறுநாள் சோதித்தபோதும் அவர்களே முன்னால் இருந்தார்கள். கைக்கும் கையில் பிடித்திருக்கிற கிளப்புக்கும் நடுவில் இருக்கிற தூரம் எவ்வளவு கொஞ்சம்! அதற்கே அந்த வித்தியாசம். தோள் திரும்பியதா, மணிக்கட்டு மடங்கியதா என்று ஒவ்வொரு ஸ்விங்கையும் போனில் படம் பிடித்துப் பார்க்கிற வழக்கம் உங்கள் தலைமுறையில் வந்திருக்கிறது. எனக்கு அதில் நல்ல அபிப்பிராயம் இல்லை. வாரம் ஒரு தடவை கோச்சோடு உட்கார்ந்து பார்; மற்ற நாளெல்லாம் போன் பைக்குள்ளேயே, சத்தமில்லாமல் கிடக்கட்டும்.

பந்து போன பிறகு அது நிற்கும்வரை பார். பார்த்ததை ஒரே சொல்லில் சொல்: "நீளம்", "இடது", "நன்று". நல்லது கெட்டது என்று அதற்கு மேல் பேச்சை வளர்க்காதே. அதோடு அந்தப் பந்து முடிந்தது. இனி கூடைவரை நடக்கிற நேரம் முழுக்க உன்னுடையது. பருந்தைப் பார், ரெக்கார்டை நினை, தோழியிடம் மனசுக்குள்ளேயே சண்டை போடு. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதே: மோசமான ஒரு பந்தைப் பழிவாங்குவதற்காக அவசரமாக அடுத்த பந்தை அடிப்பது. அப்படி ஒரு வேகம் வந்தால் கூடையிடம் போய் நின்று தண்ணீர் குடி. கோபம் இறங்கும்வரை பந்தைத் தொடாதே.

பட்டிங்குக்கு நீ எவ்வளவு நேரம் கொடுக்கிறாய் என்று கடிதத்தில் எழுதவே இல்லை. அதிலிருந்தே எனக்கு விடை தெரிந்துவிட்டது. உன் ஊர் பெங்களூருவில் வளர்ந்த அதிதி அசோக்கை எடுத்துக்கொள். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட், காசுமிகாசெகி மைதானம். அப்போது உலகத் தரவரிசையில் அவளுக்கு 200-ஆவது இடம். சில மாதங்களுக்கு முன்புதான் கோவிட் வந்து உடம்பு இளைத்துப் போயிருந்தது. டிரைவரில் மற்றவர்கள் அடித்த தூரத்துக்கு அவளால் கிட்டவே போக முடியவில்லை. நாலு நாளும் அவளைத் தூக்கி நிறுத்தியது பட்டர்தான். கடைசியில் நாலாவது இடம். வெண்கலத்துக்கும் அவளுக்கும் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசம். அவளுடைய அம்மாதான் கேடியாகப் பை தூக்கிக்கொண்டு கூட நடந்தார். அன்று காலை நாம் எல்லாரும் டிவி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

பட்டிங்கில் கவனத்தைப் பிடிப்பதற்கு ஃபில் மிக்கல்சன் செய்வதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கப்பைச் சுற்றி மூன்றடி தூரத்தில் வட்டமாகப் பந்துகளை வைத்து, தொடர்ந்து நூறு போட வேண்டும். ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. நீ இருபதில் ஆரம்பி. முதல் பத்து விளையாட்டாகப் போகும். பதினாறாவதில் நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும், பத்தொன்பதாவதில் கை வியர்க்கும். அங்கே உன்னைப் பார்த்து "கவனம் வை" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. இருபது வந்துவிட்டால் அன்றைக்குப் பட்டிங் முடிந்தது. பத்தே நிமிடத்தில் வந்தாலும் சரி, முக்கால் மணி நேரம் ஆனாலும் சரி.

கண்ணை எங்கே வைப்பது என்பதற்கும் பதில் இருக்கிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ், பட்டிங் செய்கிறவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து 1992-ல் எழுதினார். நன்றாக ஆடுகிறவர்களின் பார்வை, அடிப்பதற்கு முன் பந்தின் மேல் சலனமில்லாமல் இரண்டு விநாடிபோல் நிற்கிறது. பந்து உருண்டு போன பிறகும் ஒரு கணம் அது இருந்த புல்லிலேயே தங்குகிறது. சுமாராக ஆடுகிறவர்களின் கண் பந்துக்கும் கிளப்புக்கும் கப்புக்குமாக அலைகிறது. மனசை அசையாமல் நிறுத்துவது யாருக்கும் கஷ்டம். கண்ணை இரண்டு விநாடி நிறுத்த முடியும். கண் நின்றால் மனசு பின்னாலேயே வந்து நிற்கிறது.

இனி நேரக் கணக்கு. ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி 1993-ல் எழுதிய கட்டுரையை எல்லாரும் "பத்தாயிரம் மணி நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மிகச் சிறந்த மாணவர்கள்கூடத் தனிப் பயிற்சியில் சராசரியாக ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம்தான் செலவழித்தார்கள். அதையும் ஒரே மூச்சில் செய்யவில்லை. முன்பகலில் பெரும்பகுதியை முடித்தார்கள், மதியம் மற்றவர்களைவிட அதிகமாகத் தூங்கினார்கள். ஓய்வை அவர்கள் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் விஜய் சிங்கை ஏன் எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள் என்று உங்கப்பா கேட்பார். உண்மைதான், ஃபிஜியில் பிறந்த அவர் மாதிரி ரேஞ்சில் நின்றவர் அவர் காலத்தில் இல்லை. 2004-ல் ஒன்பது போட்டிகளை வென்று டைகர் உட்ஸிடமிருந்து முதலிடத்தைப் பிடித்தார், அப்போது அவருக்கு 41 வயது. ஆனால் அவர் பயிற்சி செய்யும் இடத்தைப் பார்த்தவர்கள் சொல்வதைக் கேள்: மண்ணில் குத்திய ஷாஃப்ட், தரையில் போட்ட கம்பு, அக்குளில் இடுக்கிய கையுறை. எப்போதும் ஏதாவது ஒன்றைச் சோதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சும்மா நின்று கூடையைக் காலி செய்யவில்லை. அதோடு, அவருடையது வளர்ந்து முடிந்த உடம்பு. நீ இன்னும் வளர்கிறாய்.

உடம்பைப் பற்றி எனக்கு உண்மையான பயம் இருக்கிறது. அமெரிக்காவில் போர்ட்லாந்தைச் சேர்ந்த டான் மெக்லாக்லின் என்ற புகைப்படக்காரர், கோல்ஃபே ஆடாதவர், 2010-ல் வேலையை விட்டுவிட்டுப் பத்தாயிரம் மணி நேரம் பழகுவது என்று இறங்கினார். நிஜமாகவே நன்றாக வந்தார். ஹேண்டிகேப் மூன்றுக்கும் கீழே போனது. ஆறாயிரம் மணி நேரம் போல் ஆனபோது முதுகு ஒத்துழைக்கவில்லை, 2015-ல் நின்றுவிட்டது. மனசு போய்விட்ட பிறகு அடிக்கிற ஸ்விங்குகளில்தான் உடம்பு கோணிக்கொள்கிறது. அதனால் பயிற்சியைத் துண்டாக்கு. ஐம்பது நிமிடம் ஆனதும் கையுறையைக் கழற்றி, நிழலில் கால் மணி நேரம் உட்கார். தண்ணீர், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கடலை. அப்படி மூன்று துண்டு போதும், அதில் ஒன்று முழுக்கப் பட்டிங்கும் சிப்பிங்கும். கூடையில் பந்து மிச்சம் இருந்தால் இருக்கட்டும். காசு கொடுத்தோமே என்பதற்காக ஒரு பந்துகூட அடிக்காதே.

உங்கப்பா மணிக்கணக்கு எழுதிவைக்கிற நோட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அண்ணனுக்கு நான் தனியாக எழுதுகிறேன். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் அவர் அதை எழுதவில்லை. உனக்காகத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில், அவருக்குத் தெரிந்த ஒரே அளவுகோலால் அளக்கிறார். அந்த நோட்டை நீ கேட்டு வாங்கிக்கொள். ஒவ்வொரு நாளும் மூன்றே வரி எழுது: ரேஞ்சில் ஆடிய ரவுண்டின் ஸ்கோர், இருபது பட் எத்தனையாவது முயற்சியில் வந்தது, எந்த நேரத்தில் மனசு திரும்பி வர மறுத்தது. அதைப் படித்தால் அவருக்கே ஆர்வம் வந்துவிடும், பார். அண்ணி காலை ஐந்தரைக்கு எழுந்து உன்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போவதும் எனக்குத் தெரியும். அந்தக் கால் மணி நேர இடைவேளையில் அவளோடு உட்கார்ந்து பேசு. ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

தசரா விடுமுறைக்கு வரும்போது கிளப்புகளையும் கொண்டு வா. ஊட்டி ஜிம்கானா கோர்ஸுக்கு அழைத்துப் போகிறேன். பெங்களூருவைவிட அது ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும்; தரையோ ஏற்றமும் இறக்கமும். உன் செவன் அயர்ன் தூரம் அங்கே செல்லாது, ஒவ்வொரு பந்துக்கும் புதிதாகக் கணக்குப் போட்டாக வேண்டும். நான் ஸ்கோர் எழுதுகிறேன், பையை நீயே தூக்கிக்கொள். நல்ல ஸ்வெட்டர் ஒன்று எடுத்து வை, போன தடவை மாதிரி என்னுடையதைப் போட்டுக்கொண்டால் கை மடக்கி மடக்கி ஸ்விங்கே வராது.

நிறைய அன்புடன்,
அத்தை